ஒரே நோய், அவரவர்க்கேற்ற மருத்துவம்

நவம்பர் மாதம் பிறந்தால் நாடெங்கும் வங்கிக் கிளைகளில் ஓய்வூதியர்களின் வருகை மிகுகிறது. உயிர்வாழ் சான்றிதழ் அளிக்க வரும் மூத்தோரில் சிலர், நான்கு படிகள் ஏறியதும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சற்று நேரம் நிற்பதைக் கண்டிருப்போம். "வயதாகிவிட்டது அல்லவா!" என்று அவர்களே சொல்லிச் சிரித்துவிட்டு மெல்ல நகர்வார்கள். பலரிடத்தில் அது வயதின் தளர்ச்சியாகவே இருக்கலாம். வேறு சிலரிடத்தில் அது ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வளர்ந்துவந்த ஒரு நோயின் அடையாளம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்பது அதன் பெயர். மருத்துவர்கள் சுருக்கமாகச் 'சி.ஓ.பி.டி.' என்பர். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தின் மூன்றாம் புதன்கிழமை உலகெங்கும் இந்நோய்க்கான விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இந்நோயின் தன்மையை விளக்க, ஜார்க்கண்ட் மாநிலத்தின் நிலக்கரி நகரமான தன்பாத்தில் வாழும் இருவரை நாம் கற்பனை செய்துகொள்வோம். ஒருவர் சுரங்கத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற 68 வயதுப் பெரியவர். நாற்பது ஆண்டுகள் பீடி புகைத்தவர். மற்றவர் குடும்ப ஓய்வூதியம் பெறும் 64 வயது அம்மையார். வாழ்நாளில் புகையிலையைத் தொட்டறியாதவர். ஆனால் இளமை முதல் நிலக்கரி அடுப்பின் முன் அமர்ந்து சமைத்தவர். இருவருக்கும் மருத்துவர் எழுதித் தந்த நோயின் பெயர் ஒன்றே. வங்கியில் வரிசையில் நிற்கையில் இருவரும் பேசிக்கொள்கின்றனர். தமக்கு நன்கு கேட்கும் மருந்தின் பெயரைப் பெரியவர் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறார். அம்மையாரும் மருந்துக்கடைக்குச் சென்று அதையே வாங்கிவிடுகிறார்.

நல்லெண்ணத்தால் விளைந்த இச்செயல் நம் நாட்டில் நாள்தோறும் நிகழ்வதுதான். ஆயினும் அப்பெரியவரைக் காக்கும் மருந்தே அந்த அம்மையாருக்குத் தீங்காக முடியக்கூடும். அது எவ்வாறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூச்சு எங்கே தடைபடுகிறது?

நாம் உள்ளிழுக்கும் காற்று மூச்சுக்குழாயின் கிளைகள் வழியே சென்று, கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகளை அடைகிறது. இவ்வறைகளின் மெல்லிய சுவர்களின் வழியாகவே உயிர்வளி குருதியில் கலக்கிறது. புகையும் தூசியும் பல்லாண்டுகள் தொடர்ந்து உட்புகும்போது இரண்டு மாற்றங்கள் நேர்கின்றன. குழாய்களின் உட்சுவர் தடித்து, சளி பெருகி, வழி குறுகுகிறது, இது ஒன்று. காற்றறைகளின் சுவர்கள் சிதைந்து, விரிந்து சுருங்கும் மீள்திறனை இழக்கின்றன, இது மற்றொன்று. சிலரிடம் முதல் மாற்றமும், சிலரிடம் இரண்டாவதும், பலரிடம் இரண்டும் வெவ்வேறு அளவில் கலந்தும் காணப்படும்.

இதன் விளைவாக மூச்சை உள்ளிழுப்பதைக் காட்டிலும் வெளிவிடுவதே கடினமாகிறது. வெளியேறாத பழைய காற்று மார்புக்குள் தங்கிவிடுவதால், அடுத்த மூச்சுக்குரிய இடம் குறைகிறது. படியேறும்போது நோயாளி திணறுவதற்கு இதுவே காரணம். ஆஸ்துமாவில் இவ்வடைப்பு பெரும்பாலும் வந்து வந்து நீங்கும்; இந்நோயிலோ அது முழுமையாக நீங்குவதில்லை.

2016ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் ஏறத்தாழ 5.5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 1990இல் அவ்வெண்ணிக்கை 2.8 கோடியாக இருந்தது. உலக நலவாழ்வு அமைப்பின் கணக்கின்படி, 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 35 இலட்சம் பேர் இந்நோயால் இறந்தனர்.

காரணம் ஒன்றல்ல

புகைப்பவர்க்கே இந்நோய் வரும் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அது பாதி உண்மையே. இந்தியாவில் இந்நோயால் விளையும் உடல்நல இழப்பில் காற்று மாசின் பங்கு பாதிக்கும் மேல் என்றும், புகையிலையின் பங்கு ஏறத்தாழ நான்கில் ஒன்று என்றும் மேற்கூறிய ஆய்வே கண்டறிந்தது. விறகு, வரட்டி, நிலக்கரி ஆகியவற்றின் அடுப்புப்புகை, தொழிற்கூடங்களின் தூசி, இளமையில் வந்த காசநோய் விட்டுச்சென்ற வடு, குழந்தைப் பருவத்தில் நுரையீரல் முழுமையாக வளராமை ஆகியவை யாவும் காரணங்களே. கொசுவர்த்திச் சுருளும் இதில் சேரும். ஒரு சுருள் எரிந்து முடிகையில் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்கு நிகரானது என 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கூறியது.

காரணத்தை அறிவது பழங்கதை பேசுவதற்காக அன்று; சிகிச்சை அங்கிருந்தே தொடங்குகிறது. நம் பெரியவர்க்கு முதல் மருந்து பீடியை விடுவது. அம்மையார்க்கு முதல் மருந்து அடுப்பை மாற்றுவது. 2016 மே 1 அன்று உத்தரப்பிரதேசத்தின் பலியா நகரில் தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டம், எளிய குடும்பத்துப் பெண்களுக்குச் சமையல் எரிவாயு இணைப்பு வழங்கியது. இணைப்பு கிடைத்த பின்னும் சிலிண்டர் தீர்ந்த நாள்களில் பழைய அடுப்பு மூட்டப்படுமாயின், நுரையீரலுக்குக் கிடைக்கும் ஓய்வும் அன்றோடு முடிந்துவிடும்.

அளந்து அறிதல்

1846ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஜான் ஹட்சின்சன் என்னும் மருத்துவர், நுரையீரலின் கொள்ளளவை அளக்கும் கருவியைப் பற்றி விரிவாக எழுதினார். அதன் வழிவந்ததே இன்றைய ஸ்பைரோமெட்ரி சோதனை. மூச்சை முழுமையாக இழுத்து, ஒரே வீச்சில் வேகமாகக் குழாய்க்குள் ஊத வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பின்னரும், முதல் நொடியில் வெளிவரும் காற்று மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்குக் குறைவாக இருப்பின் அடைப்பு உறுதியாகிறது. இச்சோதனையின்றி, இருமலையும் இரைப்பையும் மட்டும் கொண்டு இந்நோயை உறுதி செய்யலாகாது. இதய நோயும் இரத்தசோகையும்கூட இதே இரைப்பைத் தரக்கூடும்.

ஆனால் இந்த ஓர் எண் நோயாளியின் முழு நிலையையும் காட்டிவிடாது. ஊதும் அளவில் ஒத்திருக்கும் இருவரில் ஒருவர் சந்தைக்கு நடந்து சென்று வருவார். மற்றவர் உடை மாற்றும்போதே களைத்துப் போவார். எனவே மருத்துவர்கள் மேலும் மூன்றினை அறிய முற்படுகின்றனர்.

முதலாவது, அன்றாட வாழ்வில் மூச்சிரைப்பு எவ்வளவு என்பது. கடும் உழைப்பின்போது மட்டும் இரைத்தால் 0. சமதளத்தில் ஒத்த வயதினரைவிட மெதுவாக நடக்க நேர்ந்தால் 2. வீட்டை விட்டு வெளியேறவே இயலாவிடில் 4 என ஓர் அளவுகோல் உண்டு. இரண்டாவது, கடந்த ஓராண்டில் நோய் எத்தனை முறை திடீரென முற்றியது, மருத்துவமனையில் சேர நேர்ந்ததா என்பது. மூன்றாவது, குருதியில் உள்ள இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை. இது எளிய இரத்தச் சோதனையிலேயே தெரிந்துவிடும்.

இனி நம் இருவரிடம் திரும்புவோம். பெரியவர் கடந்த ஆண்டு இருமுறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். அவருடைய இயோசினோஃபில் எண்ணிக்கை 350. அத்தகையவர்க்கு மூச்சுக்குழாயை விரிக்கும் நீடித்த மருந்துகளுடன், உள்ளிழுக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்தால் நோய் மீண்டும் முற்றுவது குறையும். அம்மையார்க்கோ இரைப்பு உண்டு. ஆனால் நோய் ஒருமுறையேனும் முற்றியதில்லை. அவருடைய எண்ணிக்கை 80. இளமையில் காசநோய் வந்து குணமானவர். எண்ணிக்கை 100க்கும் குறைவாக உள்ளோர்க்கு ஸ்டீராய்டினால் பயன் மிகக் குறைவு. நிமோனியா வரும் வாய்ப்போ கூடும். காசநோய் வந்தவர் எனில் எச்சரிக்கை இன்னும் மிகுதியாகத் தேவை. ஸ்டீராய்டு கலவாத, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகளே அவர்க்கு ஏற்றவை. பெரியவர் எழுதிக் கொடுத்த தாள் ஏன் அம்மையார்க்கு உதவாது என்பது இப்போது விளங்கும்.

எந்தக் கருவி யார்க்கு?

"இன்ஹேலர் என்பது கடைசிக்கட்ட மருந்து, பழகிவிட்டால் விட முடியாது" என்னும் அச்சம் பல இல்லங்களில் உள்ளது. உண்மை இதற்கு நேர்மாறானது. சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம் மருந்து இருக்கலாம். அதே மருந்து இன்ஹேலரில் ஒரு முறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம் அளவே வரும். நுரையீரலுக்கே நேராகச் செல்வதால் சிறிதளவே போதுமானதாகிறது. கைநடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் குறைகின்றன.

எனினும் மருந்து சரியாக இருந்து கருவி பொருந்தாவிடின் பயனில்லை. அழுத்தி இழுக்கும் இன்ஹேலரில் மூச்சை மெதுவாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் நிகழ வேண்டும். கையும் மூச்சும் இணையாதவர்க்கு ஸ்பேசர் என்னும் குடுவை இக்குறையைத் தீர்க்கும். பொடி வடிவ இன்ஹேலரிலோ வேகமாகவும் வலுவாகவும் இழுக்க வேண்டும். இழுக்கும் வலுவில்லாத அம்மையார்க்கு அது பொருந்தாமற் போகலாம். மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்காதவர்க்கு அழுத்தும் கருவி கடினம். இரண்டுமே இயலாதவர்க்கு நெபுலைசர் உதவும். இன்ஹேலர் எதுவாயினும் மருந்தை இழுத்தபின் ஏறத்தாழ 10 நொடிகள், அல்லது இயன்ற மட்டும், மூச்சை அடக்குதல் வேண்டும். ஸ்டீராய்டு கலந்த மருந்தாயின் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

மருத்துவரைக் காணும் ஒவ்வொரு முறையும் கருவியை உடன் கொண்டு சென்று அவர் முன்னிலையில் பயன்படுத்திக் காட்டுவது நன்று. "மருந்து கேட்கவில்லை" என்னும் குறை பல வேளைகளில் இழுக்கும் முறையைத் திருத்தியதுமே தீர்ந்துவிடும்.

மருந்துக்கு அப்பால்

நோயின் பெயரை மட்டும் பாராமல், ஒருவரிடம் திருத்தக்கூடியவை எவையெவை எனத் தனித்தனியே கண்டறிந்து ஒவ்வொன்றையும் சீராக்கும் அணுகுமுறையை 2016ஆம் ஆண்டு முதல் நுரையீரல் மருத்துவ அறிஞர்கள் வலியுறுத்தி வருகின்றனர். அப்பட்டியலில் மருந்து ஒரு பகுதியே.

புகைப்பதை விடுதல் எந்த வயதிலும் பயன் தரும். 1977இல் லண்டன் தொழிலாளர்களைப் பற்றி வெளியான புகழ்பெற்ற ஆய்வு, இழந்த நுரையீரல் திறன் திரும்பாவிடினும், விட்டபின் அது குறையும் வேகம் தணிகிறது என்பதை நிறுவியது. "இனி விட்டு என்ன பயன்?" என்னும் கேள்விக்கு அதுவே விடை.

அடுத்தது பயிற்சி. இரைக்கும் என்று அஞ்சி நடையைக் குறைத்தால் கால் தசைகள் மெலியும்; மெலிந்த தசைகளுக்கு மேலும் மிகுதியான உயிர்வளி தேவைப்படும்; இரைப்பு முன்னிலும் கூடும். இச்சுழலை உடைப்பது நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. ஆறு முதல் எட்டு வாரங்கள், வாரத்தில் இரண்டு அல்லது மூன்று முறை, மேற்பார்வையில் நடை, கை கால்களுக்கு வலுவூட்டல், மூச்சுப்பயிற்சி ஆகியவை கற்றுத்தரப்படும். மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, உதடுகளைக் குவித்து நான்கு எண்ணும் வரை விடும் பயிற்சியை வீட்டிலேயே செய்யலாம். வெளிவிடும் நேரம் நீள்வதால், சிக்கிய காற்று வெளியேற அது துணைபுரிகிறது.

உணவும் ஆளுக்கேற்ப மாறும். மூச்சுவிடுவதற்கே மிகுந்த ஆற்றல் செலவாவதால் பலர் மெலிந்துவிடுகின்றனர். அவர்க்குப் பருப்பு, முட்டை, பால், மீன் போன்ற புரத உணவு, சிறிது சிறிதாகப் பல வேளைகளில் தேவை. உடல் பருத்தவர்க்கோ எடைக்குறைப்பே இரைப்பைத் தணிக்கும். ஆண்டுதோறும் இன்ஃபுளுவென்சா தடுப்பூசியும், மருத்துவர் அறிவுரைப்படி நிமோகாக்கல் தடுப்பூசியும் நோய் முற்றுவதைக் குறைக்கும். இதய நோய், சர்க்கரை நோய், எலும்புத் தேய்வு ஆகியவை உடனிருப்பின் அவற்றுக்குரிய சிகிச்சையும் இணைந்து நடைபெற வேண்டும்.

மனத்தின் நிலையையும் மறத்தலாகாது. மூச்சுத்திணறலுக்கு அஞ்சித் திருமணம், கோயில், உறவினர் வீடு என ஒவ்வொன்றாகத் தவிர்ப்பவர் நாளடைவில் தனிமையில் ஆழ்ந்துவிடுகிறார். அவர் ஒதுங்குவதைச் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ குடும்பத்தார் கருதிவிடலாகாது.

உயிர்வளியும் ஒரு மருந்தே

2021ஆம் ஆண்டின் கொரோனா இரண்டாம் அலைக்குப் பின் பல வீடுகளில் ஆக்சிஜன் செறிவூட்டியும் ஆக்சிமீட்டரும் இடம்பெற்றுவிட்டன. இரைக்கும்போதெல்லாம் அதனை முழு அளவில் திறந்துவைப்பது ஆபத்தானது. இந்நோயாளிகளில் சிலர்க்கு உயிர்வளி மிகையானால் குருதியில் கரியமில வாயு தேங்கி, மயக்கம் முதல் மரணம் வரை நேரலாம். ஆகவே நோய் முற்றிய வேளையில் ஆக்சிமீட்டர் அளவை 88 முதல் 92 சதவீதத்துக்குள் நிறுத்துவதே முறை. 2010ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் ஆம்புலன்சிலேயே இவ்வாறு அளந்து கொடுத்துப் பார்த்தபோது, தாராளமாகக் கொடுக்கப்பட்டவரோடு ஒப்பிடுகையில் இறப்பு பாதிக்கும் கீழே குறைந்தது.

நோய் தணிந்திருக்கும் வேளையில், ஓய்வாக அமர்ந்திருக்கும்போதே அளவு 88 சதவீதமோ அதற்குக் கீழோ தொடர்ந்து இருப்பவர்க்கு நாளொன்றுக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாத உயிர்வளிச் சிகிச்சை ஆயுளை நீட்டிக்கும் என்பதை 1980, 1981ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளியான ஆய்வுகள் உறுதிப்படுத்தின. யார்க்கு, எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்பதைக் குருதி வாயுச் சோதனையின் துணையுடன் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். உயிர்வளி ஓடும் அறையில் பீடி, அடுப்பு மட்டுமன்றிப் பூசை விளக்கும் கூடாது.

தாளில் எழுதிய திட்டம்

ஒவ்வொரு நோயாளியிடமும் அவர்க்கென எழுதப்பட்ட ஒரு திட்டத்தாள் இருத்தல் வேண்டும். வழக்கமான நாளில் எந்த மருந்து எந்நேரம் என்பது அதன் முதற்பகுதி. இரைப்பு வழக்கத்தைவிடக் கூடினாலோ, சளி மிகுந்தாலோ, அதன் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினாலோ எந்த மருந்தைக் கூட்டுவது, யாரை அழைப்பது என்பது இரண்டாம் பகுதி. ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க இயலாமை, உதடு நீலம் பாய்தல், குழப்பம் அல்லது மிகுந்த உறக்கம் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்க என்பது மூன்றாம் பகுதி. இத்தாள் மேசை இழுப்பறைக்குள் இருப்பதைவிடக் குளிர்பதனப்பெட்டியின் கதவில் ஒட்டப்பட்டிருப்பது நல்லது. நள்ளிரவில் அதனைத் தேடுபவர் நோயாளியாக இருக்கமாட்டார். பதற்றத்தில் உள்ள மகனாகவோ மருமகளாகவோ இருப்பார்.

செலவுக்கும் ஒரு திட்டம்

நாள்பட்ட நோயின் செலவு பெருவெள்ளம்போல் ஒருநாள் வந்து போவதன்று; மாதந்தோறும் கசிந்துகொண்டிருப்பது. கை இறுகிய மாதத்தில் இன்ஹேலர் நிறுத்தப்படுகிறது. நிறுத்தியதால் நோய் முற்றி, மருத்துவமனைச் செலவு பன்மடங்காகிறது. எனவே மாத மருந்துக்குரிய தொகையை ஓய்வூதியம் வந்தவுடனே தனியே ஒதுக்குவது அறிவுடைமை. மக்கள் மருந்தகங்களில் குறைந்த விலையில் கிடைக்கும் பொதுப்பெயர் மருந்துகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்டறியலாம்.

வீட்டில் செறிவூட்டி தேவைப்படுவோர் மின்கட்டணத்தையும் கணக்கிட வேண்டும். 300 வாட் திறனுள்ள கருவி நாளொன்றுக்கு 15 மணி நேரம் ஓடினால் 4.5 யூனிட், மாதத்துக்கு 135 யூனிட். மின்தடைக்கென மாற்றுச் சிலிண்டரும் வேண்டும். 1,500 லிட்டர் வாயு கொள்ளும் சிலிண்டர், நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம், பன்னிரண்டரை மணி நேரம் வரும்.

ஆயுஷ்மான் பாரத் திட்டம், 2024 அக்டோபர் முதல் 70 வயது நிறைந்த அனைவர்க்கும், வருமான வரம்பின்றி, ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழிவகுக்கிறது. ஆனால் அன்றாட வெளிநோயாளி மருந்துச்செலவு அதில் அடங்குவதில்லை என்பதை நினைவிற்கொள்க. தனியார் காப்பீடு எடுப்போர், ஏற்கெனவே உள்ள நோயை மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். அத்தகைய நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டுள்ளது. மறைத்துப் பெற்ற காப்பீடு, தேவைப்படும் நாளில் கைகொடாது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். உயிர்வாழ் சான்றிதழைச் செல்பேசி வழியே முக அடையாளம் காட்டி இல்லத்திலிருந்தே அளிக்கலாம்; 70 வயது கடந்தோர்க்கு வீடு தேடி வரும் வங்கிச் சேவையும் உண்டு. இரைப்புள்ளோர் இவ்வசதிகளைத் தயக்கமின்றிப் பயன்படுத்துக. படியேறும் சிரமம் இவ்வாறு தீர்ந்தாலும், படியில் நின்ற காரணம் தீர்ந்துவிடாது. ஆகவே "வயதாகிவிட்டது" என்று ஒதுக்கிவிடாமல், ஒருமுறை ஊதிப் பார்க்கும் சோதனையைச் செய்துகொள்க. அடுத்தவரின் மருந்துச்சீட்டைக் கேட்டு வாங்குவதற்குப் பதிலாக, அவர் எந்த மருத்துவரிடம் சோதித்துக்கொண்டார் என்று கேட்டு அங்கே செல்க.